மைனஸ் பன்னிரண்டைக் கொன்றது யார்?

மாலை ஆறு பத்துக்கு மூன்றாவது பிணம் விழுந்தது!

நீளம் ஒரு சாண். நிறம் பச்சை. உடம்பெங்கும் ஈயப் பொட்டுகள்.

பிளஸ் பன்னிரண்டு வோல்ட் வர வேண்டிய பக்கம் உயிரோடு இருந்தது. மைனஸ் பன்னிரண்டு வர வேண்டிய பக்கம்...

பூஜ்யம்!

"ஐயோ... இதுவும் போச்சா!"

அலறியவள் பகலில் மருந்துக்கடை ஊழியர். மாலையில் எலெக்ட்ரானிக்ஸ் வகுப்பு மாணவி. எண்ணிய மாத்திரையை மறுபடி எண்ணி எழுதி வைக்கும் சந்தேகப் பிராணி என்பதால், வகுப்பில் அவள் பெயர் 'நோட்டு'.

மூன்று நாள். மூன்று சர்க்யூட் போர்டு. மூன்றிலும் மைனஸ் பக்கத்துச் சின்ன ஐ.சி. சில்லு மட்டும் கருகியிருந்தது.

பக்கத்து மேஜை மாணவரான லிஃப்ட் மெக்கானிக் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, இன்னிக்கும் எழவா?"

"சிரிக்காதீங்கண்ணே! நேத்து போர்டை அலமாரில வெச்சுப் பூட்டி, கதவுல நூலும் கட்டிட்டுப் போனேன். நூல் அறுபடல. சாவி என் பையில. அப்புறம் எப்படிச் செத்துது?"

"அதுக்கு என்னை ஏன் முறைக்கிற?"

"தினமும் எனக்கு முன்னாடி இங்க வர்றது நீங்கதான்!"

"நான் லிஃப்ட் கதவைத்தான் திறப்பேன் தாயே... அலமாரிக் கதவை இல்ல!"

நோட்டு தலையைக் குனிந்துகொண்டாள். அவரைச் சந்தேகிப்பதாக எழுதிய புகார், நேற்றே ஆசிரியர் கைக்குப் போயிருந்தது.

கதவு திறந்தது. ஆசிரியர். கையில் நான்காவது போர்டு.

"இதான் கடைசி. இப்பதான் நானே பார்த்தேன். ரெண்டு பக்கமும் உயிரோட இருக்கு. ஏழு மணிக்குள்ள ரெண்டு வோல்ட்டேஜையும் காட்டினா, சோதனைக்கூட வேலைக்கு சிபாரிசுக் கடிதம். இல்லேன்னா மருந்துக்கடையே கதி!"

மெக்கானிக் பக்கம் திரும்பினார்.

"உங்க மேல ஒரு புகார் வந்திருக்கு. போர்டை எரிக்கிறது நீங்கன்னா, நாளையிலேர்ந்து வகுப்புக்கு வர வேண்டாம்."

போய்விட்டார்.

மெக்கானிக் அவளைப் பார்த்தார்.

நோட்டு மீட்டரை எடுத்தாள். அது நழுவி மேஜையில் விழுந்தது.

"புகார் எழுதறப்ப பேனா நழுவல, இப்ப மீட்டர் நழுவுதா? கொடு இப்படி!" மீட்டரைப் பிடுங்கினார். "நீ நோட்டைப் படி. நான் செய்யறேன். நீ சொல்லாம ஒரு விரல் அசைக்க மாட்டேன். அப்புறமும் செத்தா... யார் கொன்னதுன்னு தெரிஞ்சுடும்ல?"

ஆசிரியர் கொடுத்த தாளில் மூன்றே வரி. அவள் நோட்டில் பதினொன்று! பயத்துக்கு ஒரு வரி, சந்தேகத்துக்கு ஒரு வரி என்று வளர்ந்திருந்தது.

"ஒண்ணு... கறுப்பு வயர் மீட்டரோட பொது ஓட்டையில. சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில."

"ஆச்சு."

"ரெண்டு... பிளஸ் பக்கம் வோல்ட் பாருங்க."

"பன்னிரண்டு. ஜம்முனு இருக்கு."

"மூணு... சிவப்பு வயரை ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, பிளஸ் பக்கம் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாருங்க."

"இது சார் தாள்ல இல்லையே?"

"ஒரு உறுதிக்கு நானா சேர்த்தேன்."

"உன் உறுதி தாங்கல! சரி... ஆச்சு."

"நாலு... மீட்டர் குமிழை வோல்ட்டுக்குத் திருப்பி, மைனஸ் பக்கம் தொடுங்க."

குமிழ் திரும்பியது. கறுப்பு முனை உட்கார்ந்தது. சிவப்பு முனை இறங்கியது...

ஒரு அங்குலம்...

அரை அங்குலம்...

"நிறுத்துங்கண்ணே!"

பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னம்மா?"

"சிவப்பு வயர்... இன்னும் ஆம்பியர் ஓட்டையிலதான் இருக்கு! திரும்ப வோல்ட் ஓட்டைக்கு மாத்தணும்னு நான் எழுதவே இல்ல! இப்படியே தொட்டா ரெண்டு முனையையும் கம்பியால கட்டின மாதிரி. ஷார்ட்! மீட்டர் பூஜ்யம் காட்டும், ஐ.சி. வெந்துடும்..."

"அப்ப அலமாரிக்குள்ள?"

"சாகல. உயிரோடதான் இருந்திருக்கு. உயிர் இருக்கான்னு தொட்டுப் பார்த்தேன்ல... அப்பதான் செத்துது. மூணையும் நான்தான் கொன்னேன்!"

வயரை மாற்றினார். தொட்டார்.

மைனஸ் பன்னிரண்டு!

சரியாக ஏழு மணிக்கு ஆசிரியர் வந்தார். மீட்டரைப் பார்த்தார். மேஜையில் கடிதத்தை வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"சபாஷ்! உன் கையில போர்டு பிழைச்சிடுச்சே! அப்ப அந்தப் புகார் உண்மைதானா? எரிச்சது இவர்தானே?"

ஆமாம் என்று ஒரு சொல். கையெழுத்து விழுந்துவிடும்.



"இல்ல சார்... நான்தான். புகாரைக் கிழிச்சுடுங்க." நோட்டைத் திறந்து அந்த நான்காவது வரியைக் காட்டினாள்.

பேனா அந்தரத்தில் நின்றது.

"மூணு போர்டை எரிச்ச ஆளுக்கு சிபாரிசா?"

அவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"உட்காரும்மா! போர்டை எரிக்காத மாணவன் இன்னும் பிறக்கல. எரிச்சது நான்தான்னு ஒத்துக்கிட்டவங்களை இன்னிக்குத்தான் பார்க்கறேன்."

கையெழுத்து விழுந்தது.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்தார்.

"சார், கடைசியில ஒரு வரி சேர்த்துடுங்க... வேலை கொடுங்க, மீட்டர் மட்டும் கொடுத்துடாதீங்கன்னு!"