பாலத்துக்குக் கீழே தண்ணீர் இல்லை

"நாலு மணிக்குள்ள நான் திருடி இல்லன்னு நிரூபிக்கணும் மேடம்" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் உட்காராமலே.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டே முக்கால். திருவள்ளூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த அந்த அலுவலகத்துக்குப் பெரும்பாலும் வரப்புத் தகராறும் ஓடிப்போன மாப்பிள்ளைகளும்தான் வழக்காக வரும். ஈஸ்வரி பதினெட்டு வருடம் அரசாங்க சர்வேயராக இருந்து, வேலையை உதறிவிட்டுத் துப்பறிய வந்தவர். அவருடைய உதவியாளன் அன்புசெல்வனுக்கு வயது முப்பத்தாறு. எந்த வழக்கையும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை, எத்தனை அடி வாங்கியும் அவனை விட்டுப் போகவில்லை.

"மொதல்ல உக்காரும்மா. தண்ணி குடிச்சிட்டுச் சொல்லு" என்றார் ஈஸ்வரி.

பெயர் ஏஞ்சலின். காக்களூர் தொழிற்பேட்டையில், குப்புராஜ் என்பவரின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் டிசைனர். வேலை முடிந்ததும் முதலாளியின் அனுமதியோடு அதே கம்ப்யூட்டரில் அவள் கற்பனை நாடுகளுக்கு வரைபடம் போடுவாள். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, பூதங்களோடு சண்டை போடுகிற விளையாட்டு ஒன்று வெளிநாடுகளில் பிரபலம். அதற்கு மேப் வேண்டும். அதற்கென்றே ஒரு சாஃப்ட்வேர் இருக்கிறது. மலை, மரம், பாலம் எல்லாம் தயாராக இருக்கும். எடுத்து வைத்து வைத்து ஒரு ராஜ்ஜியத்தையே கட்டலாம்.

"எட்டு மாசம் இழைச்ச மேப் மேடம்" என்று ஒரு தாளை விரித்தாள். "வெளிநாட்டுல ஒரு பதிப்பகம் புத்தகமா போடறேன்னாங்க. நேத்து பார்த்தா, பக்கத்து சீட்டு வசந்தகுமார் அது தன்னோடதுன்னு அவங்களுக்கு மெயில் போட்டுட்டாரு. அவர்கிட்ட மூல ஃபைலே இருக்கு. என் கம்ப்யூட்டர்ல இருந்தது காணோம். என்கிட்ட மிச்சம் இந்தப் படம் மட்டும்தான். நாலு மணிக்குப் பதிப்பாளர் அம்மா வீடியோல வர்றாங்க. மூல ஃபைல் யார்கிட்ட இருக்கோ அவங்களுதுன்னு சொல்லிடுவாங்க. திருடின்னு ஆயிட்டா நாளையிலேர்ந்து வேலைக்கு வராதன்னு முதலாளியும் சொல்லிட்டாரு."

அன்புசெல்வன் படத்தின் மேல் கவிழ்ந்தான். வடக்கே பூத மலை. நடுவில் பெரிய ஏரி. கரைக்குக் கீழே நாலு கிராமங்கள், அவற்றின் வயல்களுக்கு ஏரியிலிருந்து ஒரு கால்வாய். ஏரியின் தெற்கு ஓரத்தில் இன்னொரு ஓடை கிளம்பி, காட்டுக்குள் வளைந்து கடலுக்குப் போனது. காட்டுச் சாலை அந்த ஓடையை ஒரு கல் பாலத்தில் கடந்தது.

ஈஸ்வரி அந்த ஓடையை விரலால் கடல்வரை தடவிக்கொண்டே போனார். "உங்க ஊரு?"

"பொன்னேரிப் பக்கம். ஏரியை ஒட்டின தெரு."

"வண்டியை எடு அன்பு" என்றார் ஈஸ்வரி.

காக்களூரில் அவர்கள் நுழைந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. பசை வாசனை அடிக்கும் அந்த அறையில் குப்புராஜ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வசந்தகுமார் பெரம்பூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவன். இஸ்திரி கலையாத சட்டை, பதறாத பேச்சு. கேட்டதுமே ஃபைலைத் திறந்து காட்டினான்.

"தேதி பாருங்க சார், தேதி!" என்று அன்புசெல்வன் பாய்ந்தான்.

"முந்தாநேத்து. தினம் வேலை செஞ்சு சேவ் பண்றேன், தேதி மாறிக்கினேதான் இருக்கும்" என்றான் வசந்தகுமார். அன்புசெல்வனின் ஐந்து நிமிடக் கணக்கு அதோடு தீர்ந்தது.

திரையில் அதே மலை, அதே ஏரி, அதே கிராமங்கள். தெற்கு ஓடை மட்டும் இல்லை. காட்டு நடுவே மரமில்லாத ஒரு சந்து வளைந்து வளைந்து கடல்வரை போனது. அதன் குறுக்கே சாலையும், சாலையில் அந்தக் கல் பாலமும். வறண்ட தரையில் பாலம் என்னவோபோல் இருந்தது அன்புசெல்வனுக்கு. ஆனால் பூதங்கள் வாழும் நாட்டில் எது இருந்தால்தான் என்ன என்று விட்டுவிட்டான்.

"இந்த எடத்துல ஓடை எப்பவுமே இருந்ததில்லையா?" என்று ஈஸ்வரி மெதுவாகக் கேட்டார்.

"எப்பவுமே இல்ல மேடம். ஏரின்னா வெளிய போறது ஒரு வழிதான் இருக்கணும். மேப் போடறவங்களுக்கு அது அரிச்சுவடி. இவ என் படத்தை எடுத்து, வித்தியாசமா தெரியட்டும்னு மேல ஒரு ஓடையைக் கிழிச்சு அனுப்பிட்டா."

"பொய் மேடம்! வாய் கூசாம..." என்று ஏஞ்சலின் அவனை நோக்கிப் போனாள். ஈஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். அன்புசெல்வன் கடிகாரத்தையே பார்த்தபடி நின்றான்.

சரியாக நாலு மணிக்குத் திரையின் ஓரத்தில் வெள்ளைத் தலைமுடியோடு பதிப்பாளர் அம்மா தோன்றினார். அவர் பேசியதைக் குப்புராஜ் தமிழில் சொன்னார்: "மூல ஃபைல் இவர்கிட்ட இருக்குது. வேற ஆதாரம் இல்லன்னா முடிவு சொல்லிடறாங்களாம்."

"ஒரே ஒரு சந்தேகம்" என்றார் ஈஸ்வரி. "வசந்தகுமார், உங்க நாட்டுல மூணு நாள் அடைமழைன்னு வெச்சுக்குங்க. ஏரி ரொம்பிப் போச்சு. மிச்சத் தண்ணி எங்க போவும்?"

"இந்தக் கால்வாய்ல."

"அது மதகுக் கால்வாய். வயலுக்குத் திறந்து மூடற கதவு. அடைமழையில அதைத் திறந்தா கீழ இருக்கற நாலு ஊரும் முழுகும். மூடி வெச்சா கரை உடையும், அப்பவும் முழுகும். அதுக்குத்தான் கரை ஓரத்துல தாழ்வா ஒரு கல்கட்டு வெப்பாங்க. கலங்கல்னு பேரு. மிஞ்சின தண்ணி அது மேல வழிஞ்சு தானா போயிடும். நாலு ஊரைப் பார்த்துப் பார்த்துக் கட்டினவங்க, கலங்கல் இல்லாம ஏரி வெப்பாங்களா?"

"இது கேம் மேடம். நிஜ ஏரி இல்ல" என்று வசந்தகுமார் சிரித்தான்.

"சரி, கேமாவே இருக்கட்டும். காட்டுக்குள்ள இந்தச் சந்து இன்னாத்துக்கு?"

"அது... ஒத்தையடிப் பாதை."

"பாதைக்குக் குறுக்க பாலம் எதுக்கு? சாலையில போறவன் ஒத்தையடிப் பாதையைக் கடக்கப் பாலமா ஏறுவான்?"

வசந்தகுமார் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அழகுக்கு வெச்சேன்."

"ஏஞ்சலின் படத்தை இது மேல வெச்சுக் காட்டு அன்பு."

அன்புசெல்வன் ஏஞ்சலினின் போனிலிருந்து படத்தை ஏற்றி, ஃபைலின் மேல் மங்கலாகப் படியவைத்தான். ஓடை அந்தச் சந்துக்குள் அப்படியே போய் உட்கார்ந்தது. ஒரு மரத்தைக்கூடத் தொடவில்லை. பாலத்தின் வளைவுக்கு நேர் கீழே ஓடியது.

"தண்ணியை எடுத்துட்டீங்க, தண்ணி போற வழியை எடுக்கல" என்றார் ஈஸ்வரி. "ஓடைக்காகத்தான் மரம் ஒதுங்கி நிக்குது, ஓடைக்காகத்தான் பாலம். ஓடை மொதல்லேர்ந்தே இருந்துச்சு. எப்பவுமே இல்லன்னு நீங்க எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. அப்ப இது நீங்க போட்ட மேப் இல்ல. இவ்ளோ தெரிஞ்ச மனுஷன், ஒரு சின்னப் பொண்ணு போட்ட நல்ல மேப்பைக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

"கெடுக்கல! அது தப்பு மேடம். ஏரிக்கு ரெண்டு வழி வரவே கூடாது, அதனாலதான் எடுத்..."

அவன் வாயை மூடினான். அதற்குள் குப்புராஜ் எழுந்துவிட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவன் தலை நிமிராமல் வெளியே போனான்.

நடந்ததைக் குப்புராஜ் ஆங்கிலத்தில் சொன்னதும், திரையில் இருந்த அம்மா ஏஞ்சலினிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு, ஏரிக்கு இரண்டு வழி வைக்க எப்படித் தோன்றியது என்று கேட்டார். ஏஞ்சலின் ஆங்கிலத்தில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள்.

"எங்கப்பாதான் எங்க ஊர் ஏரிக்குத் தண்ணி பாக்கறவரு. கலங்கல்லேர்ந்து தண்ணி போற ஓடையைத் தூர்த்து மனை போட்டு வித்துட்டாங்க. அப்பா போயி எத்தனையோ பேர்கிட்ட சொன்னாரு, யாரும் கேக்கல. அந்தப் பெரிய மழையில தண்ணிக்கு வழி தெரியாம எங்க தெருவுல பூந்துச்சு. ஏழு ஊடு போச்சு. நீதான் ஒழுங்கா பாத்துக்கலன்னு அப்பா மேலயே பழி போட்டாங்க. இந்த மேப்புல அந்த வழியை நான் யாருக்கும் குடுக்கல. ஒவ்வொரு மரத்தையும் தள்ளித் தள்ளி வெச்சேன்."

குப்புராஜ் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கேட்டு முடித்த அம்மா, அந்த ஓடைக்குப் பெயர் உண்டா என்று கேட்டார்.

"இல்ல" என்றாள் ஏஞ்சலின்.

வசந்தகுமாரின் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். பாலத்துக்குக் கீழே மறுபடி தண்ணீரை ஓடவிட்டாள். அதன் கரையில், அரசப்பன் ஓடை என்று தன் அப்பாவின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.