கீழே யாருமில்லாத சுவர்

எங்கள் தெருவின் பிஸ்கட் தொழிற்சாலையை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. அங்கே பிஸ்கட் சுடும் பிரிவில் வேலை பார்த்த அப்பா, அன்று ஜன்னலோரம் உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். பள்ளிக் கதை சொன்னாலும் "ம்". சாப்பிடக் கூப்பிட்டாலும் "ம்". வீடே இருண்டு கிடந்தது.

கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அம்மாவுக்கு வந்த வேலையைப் பாருங்கள்! அதே தொழிற்சாலைக்குள் சுவரேறிப் பழகும் கூடம் அமைக்க வேண்டும். தெருக்காரர்கள் கூடிப் பேசவும் அதுவே இடம். அம்மா அட்டையில் ஒரு மாதிரி செய்தாள். உயரமான சுவர், கலர் கலராகப் பிடிகள், காகித மனிதர்கள் இருபது பேர்.

தெருக்கூட்டத்தில் யாருக்கும் அது பிடிக்கவில்லை. "ஏறத் தெரிஞ்ச பசங்களுக்குச் சரி. எங்களுக்கு அங்க என்ன வேலை?" என்று தையல்கார அத்தை கேட்டுவிட்டார். அடுத்த கூட்டத்திலும் வேண்டாம் என்றால் கட்டடத்தை இடித்துவிடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும், முகம் கழுவப் போன அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை.

நான் மாதிரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது பேரும் சுவரில் தொங்கினார்கள். தரையில் ஒருவர்கூட இல்லை. ஒருவர் மேலே ஏறினால், கீழே ஒருவர் கயிறு பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதே அம்மாதான். சுவரை அழகாகச் செய்கிற அவசரத்தில் அவளே மறந்துவிட்டாள்.

ஒரு காகித மனிதரைப் பிய்த்து அப்பாவிடம் கொண்டுபோனேன்.

"அப்பா, நீங்க எங்க நிப்பீங்க?"

"நான் எதுக்கு அங்க?"

"நான் ஏறுனா யாரு கயிறு பிடிப்பா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் நகரவில்லை. என் பிடி உடும்புப்பிடி. ரொம்ப நேரம் கழித்து எழுந்து வந்தவர், மாதிரியின் இடது மூலையில் விரலை வைத்தார். அவர் பிஸ்கட் சுட்ட அடுப்பு இருந்த இடம் அது.

"இங்க நின்னா மொத்தக் கூடமும் தெரியும்" என்றார்.

மறுநாள் மாதிரியோடு வீடு வீடாகப் போனேன். தையல்கார அத்தை தன் மெஷினுக்கு வெளிச்சமான மூலை கேட்டார். தபால்கார மாமா கால் நீட்டி உட்கார ஒரு பெஞ்சு கேட்டார். இரண்டு வீட்டில் கதவையே திறக்கவில்லை. எல்லோருக்கும் இடம் வேண்டுமே! அம்மா சுவரைக் குறுக்கி, தரையை அகலமாக்கி வரைந்தாள். அடுத்த கூட்டத்தில் ஒப்புக்கொண்டார்கள், அரைமனதாகத்தான்.

வேலை தொடங்கிய பிறகும் அப்பா ஜன்னலோரம்தான். இதற்குமேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்று பெஞ்சு போடுகிறார்கள் என்று அம்மா ஒருநாள் சொன்னாள். அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"இங்க பெஞ்சு போட்டா கயிறு பிடிக்கிறவன் எங்கய்யா நிக்கிறது? ரெண்டடி தள்ளிப் போடுங்க" என்று பழைய அடுப்பு மூலையில் தச்சரிடம் சண்டைக்கு நின்றார் அப்பா. தச்சர் வரைபடத்தைக் காட்டினார். அப்பா விடவில்லை.

அப்பா இப்படிச் சத்தம் போட்டு எத்தனை மாதம் ஆயிற்று! நான் ஓரமாக உட்கார்ந்து, ஆசை தீரக் கேட்டேன்.