பவளத் தொட்டியில் விஷம்!

"விஷம்... விஷம் வெச்சுட்டாங்க!"

வஜ்தியின் அலறலில் அந்த ஜித்தா வீடே அதிர்ந்தது.

அவர் கையிலிருந்த செல்போன் மறுபடியும் கதறியது. கூப்பிட்டது மனிதன் அல்ல... எந்திரம்! அவருடைய மீன்தொட்டியின் தண்ணீரைத் தானாகவே உறிஞ்சி, தானாகவே சோதித்து, அளவைச் செல்போனுக்குச் சொல்லும் எந்திரம்.

இன்று அது சொன்ன சேதி... காரத்தன்மை எல்லை மீறிவிட்டது!

வஜ்தி தொட்டியைப் பார்த்தார். சுவர் நீளத் தொட்டி. உள்ளே செங்கடல் பவளங்கள். ஊதாவும் பச்சையுமாகச் சிரித்துக்கொண்டிருந்தவை இப்போது வெளிறிப்போய்க் கிடந்தன!

"சினான்!"

தொட்டியைப் பராமரிக்கும் சினான் ஓடி வந்தான். ஏமன்காரன். இந்த வீட்டில் பல வருஷமாக வேலை.

"ஷேக்... கூப்பிட்டீங்களா?"

"என்னடா ஊத்தின இதுல?"

"நானா? எதுவும் ஊத்தலை, ஷேக்!"

"தொட்டி ரூம் சாவி உன்கிட்டதான இருக்கு? போலீஸுக்குச் சொல்லியாச்சு. இன்னிக்கே உன் இகாமாவை ரத்து பண்றேன். ஹுதைதாவுக்குக் கப்பல் ஏறு!"

சினானின் முகத்தில் ரத்தம் வற்றியது. வேலை போனால் இகாமா என்ற குடியிருப்பு அனுமதி போகும். இகாமா போனால் ஜித்தா போகும். ஊரில் இவன் அனுப்பும் பணத்தில்தான் ஐந்து வயிறுகள் நிறைகின்றன.

போலீஸ் லெஃப்டினன்ட் பந்தர் வந்து சேர்ந்தபோது, லுஹர் எனும் நண்பகல் தொழுகை முடிந்து தெரு சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பின்னாலேயே ஒரு இளம்பெண், கையில் கருவிப் பெட்டியோடு.

"நான் லமீஸ். எந்திரம் வித்த கடையிலேருந்து வரேன். அலாரம் எங்களுக்கும் வந்துச்சு."

"நீ தள்ளி நில்லும்மா! இது போலீஸ் கேஸ்" என்றார் வஜ்தி.

"நிக்கிறேன், அம்மு வஜ்தி" என்றாள், அவரைச் சித்தப்பா முறை வைத்து. "அதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி. மீனெல்லாம் ஏன் இவ்வளவு ஜாலியா நீந்துது?"

எல்லோரும் திரும்பினார்கள். ஒரு மஞ்சள் மீன் கண்ணாடியில் மூக்கை உரசி, லெஃப்டினன்டை ஏற இறங்கப் பார்த்தது.

"விஷம் குடிச்ச முகம் மாதிரி தெரியலையே?" என்றார் பந்தர்.

"எந்திரம் பொய் சொல்லாது!" வஜ்தி சீறினார்.

"சொல்லாதுதான். ஆனா ஏமாறும்!"

லமீஸ் சின்னக் கண்ணாடிக் குழலில் தொட்டித் தண்ணீரை எடுத்தாள். சொட்டு மருந்தை விட்டாள். ஒன்று... இன்னொன்று... நிறம் மாறியது!

"கையால சோதிச்சாச்சு. காரம் கூடவே இல்ல. சொல்லப்போனா, குறைஞ்சிருக்கு!"

"என்னது?!"

"தொட்டில விஷம் இல்ல. எந்திரம்தான் தப்பாச் சொல்லுது. ஏன்னு பாக்கறேன்."

எந்திரத்தின் மூடியைக் கழற்றினாள். குழாயில் காற்றுக் குமிழி? இல்லை. சோதிக்கும் கண்ணாடியில் பாசி? துடைத்தாள், பளிச்! மறுபடி ஓட்டினாள். அதே பொய் எண்!

கடைசியாக, பக்கவாட்டில் இருந்த சின்னப் புட்டியை உருவினாள்.

அவள் புருவங்கள் நெற்றி மேலேறின.

"இது அமிலக் கரைசல். ஒவ்வொரு சோதனைக்கும் இதுலேருந்து கொஞ்சம் செலவாகும். இந்நேரம் அடில கிடக்கணும். ஆனா... கழுத்து வரைக்கும் நிறைஞ்சிருக்கு! புதுப் புட்டி யாராவது மாட்டினீங்களா?"

"இல்ல..." என்றார் வஜ்தி.

"அப்ப யாரோ இதுல தண்ணி கலந்திருக்காங்க. நீர்த்த அமிலம்னா நெறைய செலவாகும். நெறைய செலவாச்சேன்னு, காரம் ஏறிடுச்சுன்னு எந்திரம் நெனைச்சுக்கிச்சு. உடனே, பவளத்துக்கு அது தினமும் ஊட்டுற கார மருந்தை நிறுத்திடுச்சு! உங்க பவளம் விஷத்துல வாடலை, அம்மு வஜ்தி... பட்டினில வாடுது!"

பந்தர் சினான் பக்கம் திரும்பினார்.

"புட்டியைத் தொட்டது யாரு?"

சினான் தலைகுனிந்தான்.

"சொல்லுய்யா! பாத்தியா, பாக்கலையா?"

"பாத்தேன். ஆனா... சொல்ல மாட்டேன், ஸாஹிப்."

"ஆஹா! கேட்டீங்களா?!" வஜ்தி குதித்தார். "விலங்கை மாட்டுங்க!"

பந்தர் பெருமூச்சோடு விலங்கை எடுத்தார். சினான் மறுப்பே இல்லாமல் கைகளை நீட்டினான்.

"நிறுத்துங்க!"

உள்வாசலில் வஜ்தியின் மனைவி ஹைஃபா! தலைத்துணியை இழுத்துவிட்டபடி மூச்சிரைக்க நின்றாள்.

"அவன் கையை விடுங்க... ஊத்தினது நான்!"

"உம் நிஸார்! நீயா?!" மகன் நிஸாரின் தாய் என்றே வஜ்தி மனைவியை அழைப்பார்.

"மக்காவுக்குப் போய் உம்ரா முடிச்சு வந்தேன்ல? அந்தப் புட்டில கொஞ்சூண்டுதான் இருந்துச்சு. மீனுக்கு மருந்துன்னு நெனைச்சேன். அங்கேருந்து ஜம்ஜம் கிணத்துப் புனிதத் தண்ணி கொண்டு வந்திருந்தேன்... பாவம், வாயில்லாத ஜீவனுங்களுக்கும் அல்லாஹ்வோட அருள், பரக்கத் கிடைக்கட்டும்னு ரெண்டு மூடி ஊத்தினேன்!"

லமீஸ் புட்டியைக் கீழே வைத்தாள்.

"ஜம்ஜம் மேல ஒரு தப்பும் இல்ல, காலா" என்றாள் லமீஸ் மெதுவாக, சித்தியிடம் பேசுவது போல. "அது தாகத்துக்கு. இந்தப் புட்டி கணக்குக்கு. ஆனா..."

"ஆனா?"

"ரெண்டு மூடிக்குப் புட்டி கழுத்து வரைக்கும் ஏறாது. எண்ணும் இவ்வளவு தாவாது. இன்னொரு கை விளையாடியிருக்கு!"

எல்லாக் கண்களும் சினான் மேல் பாய்ந்தன.

சினான் கூரையைப் பார்த்தான். விசிறியை முதன்முறையாகப் பார்ப்பவன் போலப் பார்த்தான்.

"க்ஹும்..."

இருமியது... வஜ்தி!

"அபூ நிஸார்?" கணவனை அழைத்த ஹைஃபாவின் குரல் ஏறியது.

"பவளம் வெளிற ஆரம்பிச்சதும் மனசு கேக்கலை... அலமாரில உன் ஜம்ஜம் கேன் இருந்துச்சு... புட்டிலதான் மருந்துன்னு நானும்..."

"நீங்களா?! 'மீனுக்கெல்லாம் ஓதி ஊதாதே, எந்திரம் பாத்துக்கும்'னு என்னைக் கிண்டல் பண்ணின நீங்களா?"

"அதனாலதான் யாருக்கும் தெரியாம ஊத்தினேன்! புனிதமான தண்ணி... அதை எப்படி நான் சந்தேகப்படுவேன்?"

பந்தர் விலங்கைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"புகார் கொடுத்தது நீங்க. குற்றம் பண்ணினதும் நீங்க. ஆளைப் பிடிச்சதும் நீங்க. என் சம்பளத்தையும் நீங்களே வாங்கிக்கோங்க!"

வஜ்தி சினானின் முன்னால் போய் நின்றார்.

"நீ ரெண்டு பேரையும் பாத்திருக்க. ஏண்டா சொல்லலை?"

"இந்த அம்மா மக்காவுல, ஹரம் பள்ளிவாசல்ல நின்னுக்கிட்டு எனக்கு ஃபோன் போட்டு, காய்ச்சல்ல கிடந்த என் மகளோட பேரைக் கேட்டாங்க, ஷேக். பேர் சொல்லி அல்லாஹ்கிட்ட வேண்டி துஆ செய்யணும்னு. அவங்களை எப்படிக் காட்டிக் கொடுப்பேன்?"

"சரி, என்னை?"

"நீங்க... அழுதுக்கிட்டே ஊத்தினீங்க. அழுவற மனுஷனைக் காட்டிக் கொடுக்கறது அதைவிடக் கஷ்டம்."

எல்லை தாண்டி ஒரு குழந்தைக்காகக் கேட்கப்பட்ட ஒரு சின்ன துஆ, இந்த வீட்டில் கேடயமாக நின்றிருந்தது.

வஜ்தி சினானின் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டார். "என்னை மன்னிச்சிடு, தம்பி. நான் இருக்கற வரைக்கும் உன் இகாமாவை ஒருத்தன் தொட மாட்டான்."

லமீஸ் புதுப் புட்டியை மாட்டி எந்திரத்தை ஓட்டினாள். கைச்சோதனை சொன்ன அதே எண்! பவளங்களுக்கு மருந்து சொட்டத் தொடங்கியது.

"அல்லாஹ் நாடினா ஊதா திரும்பிடும். இனிமே பரக்கத் வேணும்னா புட்டிக்கு வெளியிலேருந்து ஓதுங்க, காலா!"

"யாரும் சாப்பிடாம போகக் கூடாது!" என்றாள் ஹைஃபா.

பெரிய தட்டு வந்தது. வஜ்தி சினானைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, முதல் பங்கைத் தன் கையாலேயே அவன் முன் வைத்தார்.

பழுப்பு நிறச் சோறு. வதக்கிய வெங்காயம். நடுவே, தலை முதல் வால் வரை பொரித்த முழு மீன்!

லெஃப்டினன்ட் பந்தர் அதைக் குனிந்து பார்த்தார். தொட்டிக்குள்ளிருந்து மஞ்சள் மீனும் எட்டிப் பார்த்தது.

"யாரும் நகராதீங்க!" என்றார் பந்தர், சட்டைக் கையை மடித்தபடி. "பிணம் கெடைச்சிடுச்சு... தடயத்தை நானே அழிச்சிடறேன்!"