கைராசி

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வகக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டவள், தோள்பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள். க்ளவ் பாக்ஸின் இடப்பக்கக் கையுறைகள் உள்ளே போயிருந்தன.

காற்றோ ஈரமோ பட்டால் கெட்டுப்போகும் பொருள்களைக் கையாளுவதற்கான பெட்டி அது. ஆறடி நீளம், முன்பக்கம் கண்ணாடி, உள்ளே முழுக்க ஆர்கான் வாயு. கண்ணாடியில் இரண்டு ஜோடி வட்டத் துளைகள். ஒவ்வொன்றிலும் தோள்வரை நீளும் கறுப்பு ரப்பர் கையுறை. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதல் என்பதால், யாரும் கையை நுழைக்காத நேரத்தில் கையுறைகள் வெளியே பிதுங்கி, எதையோ கேட்டு நீட்டிய கைகளைப் போல விறைத்து நிற்கும். வலப்பக்கம் அவளுடையது, அப்படித்தான் நின்றது. இடப்பக்கம், கூட வேலை செய்யும் குருவியினுடையது. அங்கே இரண்டு கையுறைகளும் உள்நோக்கி நீண்டு, பத்து விரல்களும் நிறைந்து, உட்தளத்தின்மேல் படுத்திருந்தன.

கசிவு என்று நினைத்தாள். அழுத்தமானியைப் பார்த்தாள். சரியாக இருந்தது. ஈரத்தைக் காட்டும் எண்ணும் வழக்கம்போலப் பூஜ்யத்தை ஒட்டியே இருந்தது. பம்ப் சீராக முனகிக்கொண்டிருந்தது. வராந்தாவில் யாருமில்லை, விடுமுறை நாளில் மூன்றாம் மாடிக்கு வர யாருக்கும் வேலையில்லை. அவளுக்கும் இல்லைதான். வந்த காரியம் வேறு.

ஒரு கோபால்ட் சேர்மத்தைப் படிகமாக்க அவள் ஆறு வருடம் போராடியிருந்தாள். கரைப்பான் மாற்றிப் பார்த்தாள், குளிர் கூட்டிப் பார்த்தாள், கிடைத்ததெல்லாம் பழுப்புக் கூழ். சக்களத்தி பெண்களுக்குத்தான் வருவாள் என்பார்கள், தனக்கு ஆறடி நீளத்தில் கண்ணாடி போட்டு வந்திருக்கிறாள் என்று கணவன் கேலி செய்வான். அவளும் சிரிப்பாள். நான்கு மாதத்துக்கு முன்பு குருவி வந்து சேர்ந்தாள். சின்ன உருவம், வாய் ஓயாத பேச்சு. முதல் வாரத்திலேயே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் மாதத்தில் குருவியின் குப்பியில் ஊதா நிற ஊசிகள், விளக்கைச் சாய்த்தால் நெருப்பைப்போல மினுங்கும் படிகங்கள், அடியெங்கும் முளைத்துக் கிடந்தன.

பேராசிரியர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கைராசின்னா இதாம்மா. இத யாருக்கும் சொல்லிக்குடுக்க முடியாது."

எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். வயிற்றெரிச்சல் என்பது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல என்று அன்றுதான் தெரிந்தது. மாத்திரை போட்டும் விடியும்வரை எரிந்தது. என்ன செய்தாய் என்று குருவியிடம் தனியாகக் கேட்டதற்கு, தான் ஒன்றும் செய்யவில்லை, கையை உள்ளே விட்டுவிட்டுச் சும்மா இருந்தால் போதும், அதுவாக நடக்கிறது என்றாள் குருவி. கள்ளி, தொழில் ரகசியத்தை மறைக்கிறாள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

இப்போது குருவி மாநாட்டில் இருந்தாள். ஆறு வருடமாக இவள் போகக் காத்திருந்த மாநாடு. மிச்சப் படிகங்கள் மூன்று குப்பிகளில் பெட்டிக்குள் இருந்தன. மூடியைத் தளர்த்தி, பெட்டியின் பக்கவாட்டுச் சிற்றறைக்குள் நகர்த்தி, வெளிக் காற்றை ஒரு நிமிடம் விட்டால் எல்லாம் கறுத்துவிடும். பிறகு கசிவு என்று சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணாடியை நெருங்கினாள். அப்போது இடக் கையுறையின் சுட்டுவிரல் எழுந்தது.

எழுந்து, சற்றுத் தயங்கி, பக்கத்திலிருந்த குப்பியைத் தொட்டது. மற்ற விரல்களும் எழுந்தன. ரப்பர் மடங்கும் கிறீச்சென்ற சத்தம் கண்ணாடி வழியாக மெல்லக் கேட்டது. ஒரு கை குப்பியைப் பிடிக்க, மறு கை மூடியைத் திறந்தது, சொட்டு உறிஞ்சியை எடுத்தது, துளித் துளியாக விட்டது. அவசரமே இல்லை. அவள் குனிந்து, வட்டத் துளை வழியாகக் கையுறையின் வாய்க்குள் பார்த்தாள். கை இல்லை. வெறும் இருட்டுக் குழல். அதிலிருந்து ரப்பரும், முகப்பவுடரும், குருவி கைக்குப் பூசும் களிம்பின் வாசமும் கலந்து வந்தன.

ஓடியிருக்க வேண்டும். பயம் வந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது. ஊரில் இல்லாதபோதும் குருவிக்கு வேலை நடக்கிறது. ஆறு வருடம் இதே கண்ணாடிக்கு முன்னால் முதுகு ஒடிய நின்றவள் நான். எனக்கு ஒருநாள், ஒரு விரல்கூட உதவிக்கு எழவில்லை.

கைப்பேசி அடித்தது. குருவிதான். பேச்சு நன்றாகப் போனது, கடைசியில் எழுந்து நின்று தட்டினார்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு, எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆய்வகத்தில் என்றாள் இவள்.

"அக்கா, என் பக்கம் மட்டும் கைய விடாதீங்கக்கா."

"ஏன்?"

"வேணாம்க்கா. அது என்னோட பழகினது. நான் வந்து சொல்றேன்."

அவள் இணைப்பைத் துண்டித்து, கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். என்னோட பழகினது. அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது.

மோதிரத்தைக் கழற்றினாள். இரண்டு கைகளையும் தோள்வரை விட்டாள்.

உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. விரல்கள் தனியாகப் போகவில்லை; ஒவ்வொரு விரலின் மேலும் இன்னொரு விரல், எலும்போடு, மெல்ல வந்து படிந்தது. பிறகு வேலை தொடங்கியது. அவள் ஒன்றும் செய்யவில்லை. எவ்வளவு விட வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும், குப்பியை எந்தப் பக்கம் சாய்க்க வேண்டும், எல்லாம் கைக்குத் தெரிந்திருந்தது. சில நிமிடங்களில் கரைசலின் நடுவே ஓர் ஊதாப் புள்ளி விழுந்தது. அது நீண்டது. கிளைத்தது. ஆறு வருடத்துக்கான அழுகை அவளுக்கு அப்படியே வந்தது. சத்தமாகச் சிரிக்கவும் செய்தாள்.

பிறகு அவள் கை பேனாவை எடுத்தது. குப்பியின் ஒட்டுத்தாளில் எழுதியது. தேதி, எண், கீழே குருவியின் கையெழுத்து, அந்த உருண்டைச் சுழி மாறாமல்.

"என்னோடது," என்றாள் அவள். "இது நான் பண்ணினது."

பேனாவைத் திருப்பி அந்தக் கையெழுத்தை அடித்துவிடப் பார்த்தாள். கை வரவில்லை. குப்பியைச் சிற்றறைப் பக்கம் தள்ளப் பார்த்தாள். வரவில்லை. உருவிக்கொள்ள இழுத்தாள். மணிக்கட்டைச் சுற்றி ரப்பர் இறுகியது. மெல்ல. பின்பு முழங்கையில். பின்பு தோளில்.

இழுத்தாள். காலைச் சட்டத்தில் ஊன்றி இழுத்தாள். பெட்டி அசையவில்லை.

பம்ப் நின்றது.

அமைதியில் ஈரமானியின் எண் ஏறியது. மூச்சை விட்டாள், ஏறியது. அடக்கினாள், நின்றது. மறுபடி விட்டாள். ஏறியது.

கைகள் உள்ளே இன்னும் கொஞ்சம் இழுபட்டன. கன்னம் கண்ணாடியில் அழுந்தியது. குருவியைக் கூப்பிட்டாள். கணவனைக் கூப்பிட்டாள். வாய் திறந்தது. சத்தம் இல்லை.

மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது.

அவள் வாய்க்கு நேரே, கண்ணாடியின் உட்புறம், ஒரு துளி ஈரம்கூட இல்லாத அந்த இடத்தில், வெள்ளையாக ஒரு வட்டம் படர்ந்தது. மறைந்தது. மறுபடி படர்ந்தது, இன்னும் பெரிதாக, நிதானமாக.

வெளிப்புறம், அவள் உதடுகள் அகலத் திறந்து ஒட்டிக்கிடந்த கண்ணாடியில், ஆவி படியவே இல்லை.