மாவுக்கட்டு கேட்டவள்

"எனக்கு மாவுக்கட்டுதான் வேணும்."

மாதேஸ்வரி சொன்னதும் கிடங்கு மருத்துவர் சிரித்துவிட்டார். பக்கத்தில் பொருத்தான் இயந்திரம் வாயைத் திறந்தபடி காத்திருந்தது. உடைந்த கையை அதற்குள் விட்டால் போதும். எலும்பை நேராக்கி, வளரூக்கியை ஊசியால் ஏற்றிவிடும். மூன்றாம் நாள் வேலைக்கு வந்துவிடலாம்.

"இந்தக் காலத்துல எவன்மா மாவுக்கட்டு போடறான்? ஆறு வாரம் வீட்ல உக்காரப் போறியா?"

"ஆமா. உக்காரத்தான் போறேன்."

அதே கிடங்கில் கூட்டிப் பெருக்கும் அவள் அப்பா சென்றாயன் வாசலில் நின்று பதறினார். "அந்தப் பேச்சே எடுக்காதன்னு படிச்சுப் படிச்சு சொன்னேனே பாப்பா. ஊசியப் போட்டுக்க சாமி. நான் ஏழு தடவ போட்டுக்கல?"

போட்டுக்கொண்டார்தான். வளரூக்கிக்கு எலும்பை வளர்க்கத் தெரியும், நிறுத்தத் தெரியாது. ஏழாவது ஊசிக்குப் பிறகு வலது முழங்கை மூட்டுக்குள்ளேயே எலும்பு முளைத்து, கை மடங்காமல் நின்றுவிட்டது. வாய்க்கு எட்டாது. சுமை தூக்கியவர் துடைப்பத்துக்கு மாறினார்.

முன்பு கிடங்கின் உயரமான சரக்கு அடுக்குகளுக்குக் கீழே வலை கட்டியிருந்தது. எலும்பு முறிந்தால் விபத்து, விபத்தென்றால் விசாரணை. பொருத்தான் வந்ததும் சட்டத்தைத் திருத்தினார்கள்: மூன்று நாளில் கூடிவிடும் முறிவு விபத்தே அல்ல. அந்த வருடமே வலையை அவிழ்த்தார்கள். வலையைவிட ஊசி மலிவு. விபத்தில்லாக் கிடங்கு என்று விருதும் கிடைத்தது. வீட்டிலேயே முதல் பட்டதாரி, கிடங்கின் பாதுகாப்பு அலுவலர் மாதேஸ்வரி, மேடையில் நின்று கைதட்டினாள். இன்று காலை அடுக்கைச் சரிபார்க்க ஏறி அவளே விழுந்தாள்.

"உன் நல்லதுக்குச் சொல்றேன். கட்டு போட்டா இது விபத்தாயிடும்" என்றார் மருத்துவர்.

"விபத்துதான சார்? அடுக்குல இருந்து விழுந்தா அதுக்கு வேற என்ன பேரு?"

"விசாரணை வரும். உனக்கும் வேலை போயிடும், உங்கப்பனுக்கும் போயிடும். தெரியுமில்ல?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "ஏம்பா, கடைசியா எந்தக் கல்யாணத்துல பந்தியில உக்காந்த?"

சென்றாயன் மடங்காத கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"கையை உள்ளே வைக்கவும்" என்றது பொருத்தான், மூன்றாவது முறையாக.

துப்பட்டாவைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள். கையை அதில் தொங்கவிட்டு வெளியேறினாள். மாவுக்கட்டு போடத் தெரிந்தவர் பெரியாஸ்பத்திரியில் ஒருவராவது மிச்சம் இருப்பார். நடக்க நடக்க உள்ளே எலும்பு உரசியது.

உரசட்டும். அது ஒன்றுசேர ஆறு வாரம் ஆகும். அதுவரை அது விபத்து.