மைக்கைத் தட்டுகிற ஆள்

ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஒயரைச் சுருட்டி, குழாய் ஒலிபெருக்கிகளை வண்டியில் ஏற்றிய பிறகு யாரோ மைக்கைத் தட்டினார்கள். டொக், டொக். அப்புறம் வாயால் ஒரு ஊதல்.

தவசி திரும்பிப் பார்த்தான். பரவைக் கல்யாண மண்டபத்தில் இலை எடுப்பவர்களைத் தவிர ஒருத்தரும் இல்லை. மைக் அவன் கக்கத்தில் இருந்தது. வலது காதைப் பொத்திப் பார்த்தான். தட்டல் இன்னும் துல்லியமாகக் கேட்டது. சின்ன வயசிலிருந்தே சீழ் வடிந்து, பஞ்சும் நாற்றமும் தவிர வேறெதுவும் நுழையாத செத்த காது அவனுடைய இடது காது. சத்தம் அதற்குள்ளிருந்து வந்தது.

வலது காதைத் திறந்ததும் அண்டா கழுவும் சத்தத்தில் அது அமுங்கிப்போனது. ஆனாலும் மைக் செட் வைத்துப் பிழைக்கிறவனுக்கு அந்தத் தட்டலின் அர்த்தம் தெரியாதா? எவனோ பேசப்போகிறான்.

மாயக்காளிடம் சொன்னான். "ஊரு காதெல்லாம் கிழிச்சீகள்ல, இப்ப உங்களுக்குள்ளயே ஒருத்தன் செட்டுப் போட்டுட்டான்" என்று பெண்டாட்டி சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீடு அடங்கினால் தட்டல் வரும். அதனால் வலது காதோரம் ரேடியோவை இரைய விட்டே படுத்தான். சோறு போடுவதும் அந்த வலது காது, அவனுக்கும் அந்த ஆளுக்கும் நடுவே இருந்த ஒரே கதவும் அதுதான்.

அந்தச் சமயத்தில்தான் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் டாக்டர் வெள்ளைத்துரை தன் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மெஷின் இறக்கினார். திறப்பு விழாவுக்குத் தவசியின் செட்டுதான். மெஷினுக்கு ரோஜா மாலை, வாசலில் பூசணிக்காய். சக்கரம் இல்லாத மெஷினுக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைப்பது என்று பெரிய மனிதர்கள் கொஞ்ச நேரம் விவாதித்தார்கள். மண்டைக்குள் முளைத்த மயிரைக்கூட இது எண்ணிவிடும் என்று டாக்டர் மைக்கில் முழங்கினார். அதைக் காட்ட ஒரு தலை வேண்டியிருந்தது. தவசியின் தலை பக்கத்தில் இருந்தது. காதில் பஞ்சும் இருந்தது.

உள்ளே ஒரே குளிர். பினாயில் நெடி. தலையைச் சுற்றி வளையம் உறுமியது. உறுமல் தொடங்கியதும் இடது காதில் தட்டல் சட்டென்று நின்றுவிட்டது, இருட்டில் நிற்கிறவன் மேல் வெளிச்சம் விழுந்ததுபோல.

பிலிமில் வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள். ஒரு பக்கத்துக் காதெலும்பை எதுவோ அரித்துக் கருங்குழி பண்ணியிருந்தது. குழிக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி. படத்துக்குப் படம் அது கொஞ்சம் உள்ளே நகர்ந்திருந்தது. தூசி என்றார் டாக்டர். முதல் பிலிம் அல்லவா, மங்கலமாக இருக்கட்டும் என்று அவருடைய மாமனார் அதன் மூலையில் சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தார். எந்தப் பக்கம் என்று சொல்லும் எழுத்து இருந்ததும் அதே மூலையில்தான். பிறகு விளக்குப் பெட்டியில் மாட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள்.

"வலது காது. உடனே ஆபரேஷன்" என்றார் டாக்டர்.

தவசி இடது காதின் பஞ்சைத் தொட்டுக் காட்டினான். "சீழு எடதுலங்கய்யா வருது. வலதுதான் எனக்குக் கேக்குற காது."

"வடியிறதைப் பார்க்க நாட்டு வைத்தியன் போதும், மிஸ்டர் தவசி. வடியாததைக் காட்டத்தானே இம்புட்டுப் பெரிய மெஷின்?"

அவன் மேற்கொண்டு பேசியது யார் காதிலும் ஏறவில்லை. விழாவுக்கு வந்த ஊரே டாக்டர் பக்கம். படித்தவர் சொன்னால் கேளுங்கள் என்று மாயக்காளும் அழுதாள். நோயின் வேர் வலதில் இருந்து இடதில் பேசுகிறதோ என்று கடைசியில் அவனுக்கே தோன்றிவிட்டது. தட்டல் நின்றால் போதும்.

ஆபரேஷன் அறையில் மல்லாக்கப் படுத்திருந்தான். சுவரில் அதே பிலிம். விளக்குச் சூட்டில் காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. அடியில் எழுத்து தெரிந்தது. கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது.

பிலிமைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

சொல்ல வாயெடுத்தான். முகத்தில் ரப்பர் மூடி. இனிப்பும் காரமுமாக ஒரு வாடை. கண் சொருகும்போது கருங்குழியைப் பார்த்தான். வெள்ளைப் புள்ளி முன்னால் வந்திருந்தது. அதற்குப் பின்னால், முன்பு இல்லாத பொடிப் புள்ளிகள். வரிசை வரிசையாக. உட்கார்ந்த மாதிரி.

விழித்தபோது பட்டப்பகல். வலது காதில் கனத்த கட்டு. மேலே மின்விசிறி சுற்றியது. சத்தமில்லை. செவிலி தட்டைக் கீழே போட்டாள். சத்தமில்லை. மாயக்காள் வாய் அசைந்தது. டாக்டர் சந்தோஷமாக அவன் தோளைத் தட்டி, கூட வந்தவர்களிடம் விரலை ஆட்டி என்னவோ விளக்கினார். ஜன்னலுக்கு வெளியே, திறப்பு விழாவுக்கு அவனே கட்டிய குழாய் ஒலிபெருக்கி வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

அப்போது இரைச்சல் வந்தது. ஆம்ப்ளிஃபயர் சூடேறும் இரைச்சல்.

இடது காதில்.

டொக். டொக்.

ஊதல்.

தவசியின் கை தானாக நீண்டு, கட்டில் விளிம்பில் சுவிட்சைத் தேடியது. இரும்புக் கம்பி. போர்வை. வேறொன்றும் இல்லை.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். சாவகாசமாக. நெடுநேரம் பேசப்போகிற ஆள் செருமுவதுபோல.

"அன்புக்குரிய தவசி அவர்களே."

அந்தக் குரலுக்குப் பின்னால், வெகு ஆழத்தில், பெருங்கூட்டம் ஒன்று கை தட்டத் தொடங்கியது.