தம்புரா வீடு விற்பனைக்கு!

டிரிங்... டிரிங்...

சுரப்பாளையம் போலீஸ் ஸ்டேஷனில் காலையிலிருந்து எதுவும் ஓடவில்லை. ஃபேன் ஓடவில்லை. கம்ப்யூட்டர் ஓடவில்லை. மாதாந்திர கரண்ட் ஷட்டவுன்! ஓடிக்கொண்டிருந்தது இன்ஸ்பெக்டர் தாஜுன்னிசாவின் வியர்வை மட்டும்தான்.

டிபன் பாக்ஸைத் திறக்கப் போன கையால் ரிசீவரை எடுத்தாள்.

"ஏனுங்க... போலீஸ் ஸ்டேசனுங்களா?"

"ஆமா. சொல்லுங்க."

"சாப்புட்டீங்களா?"

"இன்னும் இல்லீங்க. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்லீங்க... இங்க ஒரு கொலை நடந்துபோச்சுங்க. அவசரமில்லீங்க, நீங்க சாப்புட்டுப்போட்டே வாங்க!"

தாஜுன்னிசா டிபன் பாக்ஸை மூடினாள். இந்தப் பக்கத்தில் கொலைச் செய்திக்குக்கூட ஒரு மரியாதை உண்டு.

"யாரு பேசறது?"

"நாதக் காவலர் கிருபாசங்கர்!"

தனக்குத் தானே பட்டம் போட்டுக்கொண்டு போனில் பேசுகிறவர்களை அவளுக்கு நெடுநாள் பழக்கம். அலுப்போடு தொப்பியை எடுத்தாள்.

"அன்புமணி... வண்டியை எடுங்க."

"தள்ளோணும் மேடம்," என்றார் ஏட்டு அன்புமணி, அதைவிட அலுப்பாக.

சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவே உள்ள சுரப்பாளையத்துக்கு ஒரே ஒரு பெருமை. நூறு வருஷத்துக்கு முன்னால் ரங்கமலை பாகவதர் என்றொரு பாட்டுக்காரர் இங்கே வாழ்ந்தார். அவர் பாடியதைக் கேட்டவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அதனால் அவர் பாட்டைக் குறை சொல்லவும் ஆளில்லை.

அவர் வாழ்ந்த வீடுதான் தம்புரா வீடு. கூடத்துச் சுவரோடு சுவராகச் சாய்ந்து நிற்கும் பழைய தம்புரா, யாரும் தொடாமலே தானாக இசைக்கும் என்று ஊரே சொல்லும்.

இன்று அந்தக் கூடத்தில், தம்புராவுக்கு முன்னால், ஒரு பிணம்!

வீட்டு புரோக்கர் ஐயாசாமி. வெள்ளைச் சட்டை முழுக்க ரத்தம். மண்டையைப் பிளந்தது பக்கத்திலேயே கிடந்தது. பாகவதரின் வெண்கலச் சிலை! நாளைக்கு அமைச்சர் வந்து திறப்பதற்காக மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார்கள். ஒரு நாள் முன்னாலேயே திறந்துவிட்டது.

கூடத்து மூலையில் ஒருவன் குந்தியிருந்தான். கையிலும் சட்டையிலும் ரத்தம். பக்கத்தில் அவன் மனைவி.

"பேரு?"

"எழிலுங்க. சூலூர்ல லேத் பட்டறையில வேலை. உக்கடத்துல வாடகைக்கு இருக்கறோமுங்க. இது என் ஊட்டுக்காரி சண்முகப்ரியா."

"ரத்தம் எப்படி வந்துச்சு?"

"ஐயாசாமி அண்ணன் கெடந்தாருங்க... தூக்கிப் பாத்தேன். மூச்சு இல்ல. கத்துனேன்..."

"அதுக்குள்ள நான் பிடிச்சுப்போட்டேன் அம்மணி!"

பின்னாலிருந்து கணீரென்று ஒரு குரல். ஜரிகை அங்கவஸ்திரம், கழுத்தில் ருத்திராட்சம், விரல்களில் கலர் கலராய்க் கற்கள். அமைச்சரே வந்து நின்றிருந்தாலும் இவரைப் பார்த்து வழி விட்டிருப்பார்.

"நீங்கதான் சாப்பாடு விசாரிச்சவருங்களா?"

"நாதக் காவலர் கிருபாசங்கர். பாகவதர் நினைவு சபா தலைவர்! அம்மணி, இது சாதாரண ஊடில்லீங்க. அந்த மகான் விடிகாலையில கெணத்துல எறங்கி, கழுத்தளவு தண்ணியில நின்னு சாதகம் பண்ணுன ஊடு! அத நெனச்சா இப்பவும் எனக்குப் புல்லரிக்குதுங்க!"

"புல்லரிப்பு அப்புறம். நீங்க என்ன பாத்தீங்க?"

"ஒரு மணி இருக்குமுங்க. ஜன்னல் ஓரமா வந்தேன். உள்ள தம்புரா நாதம்! ங்ங்ங்...ன்னு! அப்படியே கண்ண மூடி, கையக் கூப்பி நின்னுட்டேன். நான் கண்ணத் தொறக்கறதுக்குள்ள இந்தப் பையன் உள்ள போயிருக்கான். கண்ணத் தொறந்தா... அலறல்!"

எழில் விருட்டென்று எழுந்தான். "நான் எதுக்குங்க அவரக் கொல்லோணும்? எனக்கு ஊடு பாத்துக் குடுக்கறேன்னு சொன்ன ஒரே மனுசன் அவருதானுங்க!"

"நீ கேட்ட ஊட்ட அவன் குடுக்க மாட்டேன்னிருப்பான். கோவத்துல போட்டுட்டே!" என்றார் கிருபாசங்கர்.

"குடுக்க வேண்டாம்னு சொன்னது நீங்கதானுங்க!"

இதைச் சொன்னவள் சண்முகப்ரியா. குரலில் கோபம்கூட இல்லை. அத்தனை அசதி.

"ஊட்டு ஓனர் கனடாவுல இருக்காருங்க மேடம். யாரு வாங்குனா என்னன்னு அவரு சொல்லிட்டாரு. இவருதான் ஒவ்வொரு தடவையும் வந்து நின்னு, பாரம்பரியம், பாரம்பரியம்ங்கறாரு. அப்புறம் ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போயி, நீங்க எந்த ஆளுகங்கன்னு கேக்கறாரு. நாங்க சொன்ன அன்னைலிருந்து பாரம்பரியம் இன்னும் ஜாஸ்தியாயிருச்சு."

"அம்மணி, இசை வேற, இது வேற..." என்று இழுத்தார் கிருபாசங்கர்.

பேர் கேட்டதும் 'நேத்துதானுங்க வேற பார்ட்டி வந்துபோட்டாங்க' என்ற வீட்டுக்காரர்களைத் தாஜுன்னிசாவும் பார்த்தவள்தான். யூனிஃபார்மோடு போனபோது மட்டும், காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்கள்.

"எழில்... ஐயாசாமி இன்னைக்கு உங்கள எதுக்குக் கூப்பிட்டாரு?"

"காலையில போன் பண்ணுனாருங்க. 'ஊட்டப் பிடிச்ச சனி உட்டுது எழிலு. இனி எவனும் தடுக்க முடியாது. வா, நேர்ல சொல்றேன்'னாருங்க. வந்தேன்... இப்படிக் கெடந்தாரு."

"என்ன சனி?"

"தெரியலீங்க."

"கதை!" என்றார் கிருபாசங்கர். "விலங்க மாட்டுங்க அம்மணி. நாளைக்கு அமைச்சர் வாராருங்க!"

சண்முகப்ரியா புருஷனின் ரத்தம் படிந்த கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம்... மாசக் கடைசிக்குள்ள உக்கடத்து ஊட்டக் காலி பண்ணோணும். இப்ப இவரையும் கூட்டிட்டுப் போயிட்டீங்கன்னா, நானும் எம்பொண்ணும் சாமானத் தூக்கிட்டு எங்கீங்க போறது?"

தாஜுன்னிசா கொல்லைப்பக்கம் போனாள். ஒரு முருங்கை மரம். ஒரு துவைக்கிற கல். உடைந்த உரல். எல்லாவற்றையும் ஒரு சுற்று பார்த்தாள். கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடோன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஓடாத தறிகளுக்கு நடுவே, ஓனர் நிஜாம் பனியனோடு விசிறிக்கொண்டிருந்தார்.

"பாய், ஐயாசாமிய இன்னைக்குப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க மேடம். வெய்யில் ஏறுறதுக்கு முன்னாலயே வந்தாரு. குடோன் மூலையில ஒரு கெணறு இருக்குதுங்க, பழசு. பலகை போட்டு மூடி வெச்சிருக்கேன். அத நீக்கி எட்டிப் பாத்தாரு. சிரிச்சாரு. என் கையப் பிடிச்சுக் குலுக்கிப்போட்டுப் போயிட்டாரு. ஏதோ கெரகம் புடிச்ச மனுசன்னு நெனச்சேன்... பாவம்."

"கிணத்துல படி இருக்குதா?"

"இருக்குதுங்க. ஆள் எறங்கி நிக்கற மாதிரி, கல்லுப் படி."

தாஜுன்னிசா கூடத்துக்குத் திரும்பினாள். அன்புமணி பிணத்தை ஆம்புலன்ஸில் ஏற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். கிருபாசங்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான்...

ங்ங்ங்ங்ங்...!

அன்புமணி துள்ளிக் குதித்தார். சண்முகப்ரியா "ஆத்தா!" என்று அலறினாள்.

தம்புரா!

தொடுவாரில்லை. அருகில் ஆளில்லை. ஆனால் நான்கு தந்திகளும் அதிர்ந்துகொண்டிருந்தன!

கிருபாசங்கர் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார். "பாத்தீங்களா! கேட்டீங்களா! கொலை நடந்த இடத்துல அந்த ஆத்மா அழுகுதுங்க!"

தாஜுன்னிசா நிதானமாக நடந்தாள். சுவரில் உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் நடுங்கியது.

நடுக்கத்துக்கு அப்பால்... டக்கட்டக்க... டக்கட்டக்க... டக்கட்டக்க!

"ஆத்மா இல்லீங்க," என்றாள். "கரண்ட் வந்துருச்சு. பாய் தறிய ஓட்டிட்டாரு."

"என்னங்க அம்மணி சொல்றீங்க?"

"தறி ஓடுனா செவுரு ஆடுது. செவுரு ஆடுனா அதுல சாஞ்சிருக்கற தம்புரா பாடுது. தறி நின்னா பாகவதரும் நின்னுருவாரு. அன்புமணி, பாய்கிட்டச் சொல்லி நிறுத்தச் சொல்லுங்க."

தறி நின்றது. தம்புரா அடங்கியது. நூறு வருஷத்து மகிமை ஒரு சுவிட்சில் போனது.

"இப்பச் சொல்லுங்க நாதக் காவலரே. காலையிலிருந்து ஊரெல்லாம் ஷட்டவுன். ஒரு தறி ஓடல. ஒரு மணிக்கு நீங்க ஜன்னலோரம் நின்னு கேட்டது எந்த நாதமுங்க?"

கிருபாசங்கர் அங்கவஸ்திரத்தை இழுத்து விட்டுக்கொண்டார்.

"ஷ... ஷட்டவுனா?"

"உங்க ஊட்டுல இன்வெர்ட்டரா?"

"ஆ... ஆமாங்க."

"அதானே பாத்தேன். ஊரே வேர்த்துட்டு இருக்கு. ஷட்டவுன்னு தெரியாத ஒரே ஆளு நீங்கதான்."

"பழக்கதோசமுங்க அம்மணி! தெனமும் மேடையில சொல்றது... அப்படியே வாயில வந்துருச்சு! அதுக்காக நான் கொலைகாரனாயிருவனா?"

"ஆக மாட்டீங்க." அவள் குரல் இன்னும் தணிந்தது. "ஒரே ஒரு சந்தேகம் தீத்து வைங்க. மகான் கழுத்தளவு தண்ணியில நின்னு சாதகம் பண்ணுனாருன்னீங்களே... கொல்லையெல்லாம் பாத்துட்டேன். இந்த ஊட்டுல கிணறு எங்கீங்க?"

"அதையேதான் அந்த நாயும் கேட்டான்!"

கிருபாசங்கர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். மேடையில் மைக்கைப் பார்த்துப் பார்த்துப் பழகிய வாய். கேள்வி வந்தால் பதில் தானாக வந்துவிடும்... அந்தத் தம்புரா மாதிரியே!

"எப்பக் கேட்டான்?"

அவர் அப்படியே தரையில் சரிந்தார். அங்கவஸ்திரம் ரத்தத்தில் நனைந்தது.

"சிரிச்சான் அம்மணி... 'பாகவதர் இந்த ஊட்டுல குடியே இல்லீங்க, கெணறு பக்கத்துத் தறிக்குடோன்ல இருக்குது, இது பஞ்சு வியாபாரி ஊடு'ன்னான். நாளைக்கு அமைச்சர் முன்னால சொல்லிப்போட்டு, எழிலுக்குப் பேசி முடிக்கப் போறேன்னான். இருவது வருசமா இந்த ஊட்டக் காட்டித்தானுங்க நான் நாதக் காவலர்! வெறும் கிருபாசங்கரா நான் எப்படிங்க ஊருக்குள்ள நடக்கறது? சிலைதான் கைக்கு எட்டுச்சு..."

"பாகவதர் தலையாலயே போட்டுட்டீங்க. அன்புமணி, கூட்டிட்டுப் போங்க."

ஜீப்பைத் தள்ளித்தான் கிளப்ப வேண்டியிருந்தது. எழிலும் ஒரு கை கொடுத்தான்.

வாசலில் சண்முகப்ரியா வீட்டை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள்.

"இன்னும் வாங்கறதா இருக்கீங்களா?" என்று கேட்டாள் தாஜுன்னிசா. "கொலை நடந்த ஊடு. பேய் இருக்கும்பாங்க."

"இருந்தா இருக்கட்டுமுங்க மேடம்," என்றாள் அவள். "பேய் ஒண்ணும் வாசல்ல நிக்க வெச்சு, நீங்க எந்த ஆளுகன்னு கேக்காதுங்க."

தாஜுன்னிசா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள். பசி ஞாபகம் வந்தது.

"மேடம்! மேடம்!"

பனியனோடு ஓடி வந்தார் நிஜாம். மூச்சு வாங்கியது. முகத்தில் கொலை பார்த்தவரைவிடப் பெரிய பீதி!

"கெணத்து விசயம் கேஸ்ல வருமுங்களா?"

"வராம எப்படி பாய்? பாகவதர் நெசமா இருந்தது உங்க குடோன்லதானே."

"போச்சுங்க! நாளைக்கே மாலையோட வந்துருவாங்க. மைக்செட்டு கட்டுவாங்க. கெணத்துக்குக் கல்வெட்டு வெப்பாங்க. தறிய நிறுத்து, தியானம் பண்ணோணும்பாங்க!" அவர் இரண்டு கையையும் கூப்பினார். "சத்தமில்லாம இப்பவே குடோன வித்துப்போட்டு ஓடிர்றேனுங்க. விசயம் வெளிய தெரியறதுக்குள்ள முடிச்சுக் குடுக்க ஒரு நல்ல புரோக்கர் இருந்தாச் சொல்லுங்க மேடம்!"

தாஜுன்னிசா தெருமுனையைப் பார்த்தாள்.

"ஒரே ஒருத்தர் இருந்தாரு பாய்... அவரத்தான் இப்ப ஆம்புலன்ஸ்ல ஏத்தி அனுப்புனேன்!"